லைனிங்குக்குள் எழுதிய வார்த்தைகள்

அன்புள்ள உனக்கு,

இன்று காலை, யூ.கே.ஜி. போகிற என் மகளுக்கு வாங்கிய புது ஷூவின் டப்பாவைத் திறந்தேன். சொல்யூஷன் வாசனை முகத்தில் அடித்தது. தோலையும் அதன் உள்பக்கத்து லைனிங் துணியையும் ஒட்டுகிற அந்தப் பசையின் வாசனையை நாம் இருவரும் நான்கு வருஷம் சோற்றோடு சேர்த்துத் தின்றிருக்கிறோம். வாசனை வந்த கையோடு உன் குரலும் வந்துவிட்டது. "மனுசங்களயே புடிக்காதவன். ஒரே வார்த்த. சொல்லு பாப்போம்." நான் சமையலறையில் நின்றபடி "மிசன்த்ரோப்" என்று வாய்விட்டுச் சொன்னேன். மகள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சாக்ஸ் மாட்டப் போனாள்.

நீ இப்படித்தான் வருகிறாய். வங்கி வரிசையில், குக்கர் விசிலுக்கு நடுவில், ஆபீசில் கோப்பைப் புரட்டும்போது. நலமா என்று கேட்பதில்லை, என் மேல் கோபமா என்று நான் கேட்கவும் விடுவதில்லை. கேள்வி மட்டும்தான் கேட்கிறாய். நானும் ஒன்பது வருஷமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் உனக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேஜை. நீ தோலின் ஓரத்தை மிஷினில் சீவி, மடிக்க வேண்டிய இடத்தில் சில்வர் பேனாவால் கோடு போட்டு டிரேயில் வைத்துத் தள்ளுவாய். நான் லைனிங்கை ஒட்டித் தைப்பேன். இரண்டு பேரும் டிகிரி முடித்தவர்கள், இரண்டு பேரும் தமிழ் மீடியம். அரசாங்கப் பரீட்சையில் கணக்கு நமக்குப் பயமில்லை, பொது அறிவும் பயமில்லை. ஒரு முழு வாக்கியத்தைக் கொடுத்து, அதற்கு ஒரே ஒரு ஆங்கில வார்த்தை கேட்பார்களே, அந்தப் பகுதியில்தான் இரண்டு முறை கவிழ்ந்தோம். இரண்டாவது முறை ரிசல்ட் வந்த அன்று நீதான் வழி கண்டுபிடித்தாய். "வீட்ல படிக்க நேரமே இல்ல. இங்கயே படிக்கலாம். எழுதினாதான் மண்டையில நிக்கும்."

மறுநாள் டிரேயில் வந்த தோலைத் திருப்பினால், உள்பக்கத்தில் பொடிப்பொடியாக உன் எழுத்து. 'தன்னைப் பற்றியே பேசுபவன்.' நான் கீழே 'ஈகோயிஸ்ட்' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். டீ நேரத்தில், தப்பு, ஈகோடிஸ்ட் என்று தலையில் குட்டினாய். எழுதியதன் மேல் லைனிங்கை ஒட்டித் தைத்துவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள்? அப்படியே பார்த்தாலும் சில்வர் பேனா மை சூடு பட்டால் மறைந்துவிடும். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை என்று வைத்துக்கொண்டோம். வார்த்தைக்கு ஒரு ஆளையும் பிடித்துக் கொடுப்பாய். வளைந்து கொடுக்காத மார்ட்டினெட் நம் சூப்பர்வைசர். எது நடந்தாலும் முகம் மாறாத ஸ்டோயிக் நம் பஸ் டிரைவர். கேன்டீனில் மூன்றாவது தடவை சாம்பாருக்கு நிற்கிற க்ளட்டன் நான்தானாம். அந்த ஷூக்களெல்லாம் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போயின. நாம் படித்ததைக் காலில் மாட்டிக்கொண்டு யாரோ அங்கே நடந்துகொண்டிருப்பார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அன்றைக்கு வந்த தோல் கிரீம் கலர். பெண்கள் போடுகிற மெல்லிய ஷூ. 'பறவைகளைப் பற்றி ஆராய்பவர்' என்று எழுதி அனுப்பியிருந்தாய். பதில் எழுதப் போனேன், என் சில்வர் பேனாவில் மை தீர்ந்திருந்தது. எழுந்து போய் வேறு வாங்கச் சோம்பல். பையிலிருந்த நீல பால்பாயின்ட் பேனாவை எடுத்து 'ஆர்னிதாலஜிஸ்ட்' என்று ஆங்கிலத்தில் முழுசாக, அழுத்தி எழுதினேன். அவ்வளவு பெரிய வார்த்தை ஸ்பெல்லிங் தப்பாமல் வந்துவிட்டதே என்கிற கர்வம் வேறு. சொல்யூஷன் பால்பாயின்ட் மையைக் கரைக்கும் என்பது நேற்று வேலைக்குச் சேர்ந்தவளுக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா?

மறுநாள் மதியம் சூப்பர்வைசர் அந்த ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். மை ஊறி வெளிப்பக்கம் வந்து, கிரீம் தோலில் நீலமாகப் படர்ந்திருந்தது. அந்த லாட்டில் செய்த ஷூக்கள் முழுவதையும் நிறுத்திப் பிரித்துப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள்.

"ஷூவுக்குள்ள எவனுக்கு லெட்டர் போட்றீங்க? யாரு எழுதனது இது?"

எழுந்திருக்கத்தான் நினைத்தேன், நீ முந்திக்கொண்டாய் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லி வந்தேன். பொய். நான் எழ நினைக்கவில்லை. தலையைக் குனிந்து ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் ஸ்டூல் நகர்கிற சத்தம் கேட்டது.

"நான்தான் சார். பரீட்சைக்கு எழுதிப் பாத்தேன்."

அன்று சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால், கணக்கு முடித்து அனுப்பப்பட்ட நீ பஸ் ஸ்டாப்பில் எனக்காகக் காத்திருந்தாய். என்னால் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இன்னா மூஞ்சிய இப்டி வச்சினுகீற? உங்கப்பாக்கு ஒடம்பு முடியல. நீ வெளிய போனா உங்க வீட்ல ஜாஸ்தி பேஜாரு. எனக்கு வாணியம்பாடியில வேல கெடச்சிடும். நீ ஒழுங்கா படி."

வேலை கிடைத்தது. விடிவதற்குள் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும் என்று போனில் சொன்னாய். வேனிலும் கேள்வி கேட்கிறேன், பக்கத்து சீட்டுக்காரி என்னைப் பைத்தியம் என்கிறாள் என்றாய். மூன்றாவது வாரம், பனி மூடிய ஒரு காலையில், பைபாஸில் நின்றிருந்த லாரியில் அந்த வேன் மோதியது. இறந்தது நீ ஒருத்திதான்.

உன் வீட்டில் உன் அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். "கூடவே வேல செஞ்சிதே இந்தப் பொண்ணு, இது ஒழுங்கா இல்ல? நீ ஷூவுல கிறுக்கி வேலய தொலச்சிட்டு, தூரமா போயி செத்தியேடி." என் கையைப் பிடித்துக்கொண்டுதான் அதைச் சொன்னார். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

பதினோரு நாள் கழித்துப் பரீட்சை. ஒரே பிரவுசிங் சென்டரில் ஒன்றாக உட்கார்ந்து அப்ளை செய்தோமே, வேலூரில் ஒரே சென்டர், ஒரே அறை விழுந்திருந்தது. என் கம்ப்யூட்டருக்குப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் உன் பெயரும் போட்டோவும் இருந்தன. ஆள் வந்து உட்காருகிற வரைக்கும் போட்டோ திரையில் நிற்குமாம். என்னுடைய பச்சை துப்பட்டாவை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு எடுத்த போட்டோ. பரீட்சை முடிகிற வரை நீ அங்கிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாய். கண்காணிக்க வந்தவரிடம் அதை அணைக்கச் சொல்லலாமா என்று நினைத்தேன், மனம் வரவில்லை. ஆங்கிலப் பகுதிக்கு வந்ததும் ஒவ்வொரு கேள்வியும் உன் குரலில் கேட்டது. ஒன்றுகூடத் தப்பவில்லை. அதில்தான் பாஸ் ஆனேன், இன்றைக்கு நான் தின்கிற சோறு அதில் வந்ததுதான்.

எனக்கு ஆபீஸ் வேலை கிடைத்தபின் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உங்கள் வீட்டுக்குப் போவேன். அம்மா உன் போட்டோவைத் துடைத்துக்கொண்டே திட்டுவார். "கிறுக்கி. ஒழுங்கா இருந்திருந்தா இந்நேரம் நீயும் ஆபீஸ் போவ." நான் கேக்கைத் தின்று, டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன். ஒன்பது கிறிஸ்துமஸ் அப்படிப் போனது. நான் எப்பேர்ப்பட்டவள் பார்.

இன்று மகளைப் பள்ளியில் விட்ட பிறகும் அந்தப் பசை வாசனை மூக்கை விட்டுப் போகவில்லை. ஆபீசுக்கு லீவு சொல்லி, ஆம்பூருக்கு ரயில் ஏறினேன். உன் அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொன்னேன்.

"அது அவ எழுதனது இல்லம்மா. நான் எழுதனது."

முறம் நின்றது. பிறகு உன் போட்டோவைப் பார்த்தார்.

"நெசமாவா?"

"நெசமாம்மா. எனக்காக எழுந்து நின்னா."

"அப்ப இத்தினி வருசமா நான் அவள திட்டினதெல்லாம்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "என்னத் திட்டுங்கம்மா. எவ்ளோ வேணா திட்டுங்க. அதுக்குத்தான் வந்தேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வாய் ஏதோ சொல்லத் திறந்தது, மூடிக்கொண்டது. மறுபடி திறந்தது.

"வர்லியேம்மா," என்றார். "அவளயே திட்டித் திட்டிப் பழகிடுச்சி. உன்ன திட்ட வாயே வர்லியே."

பிறகு எழுந்து போய் எனக்குச் சோறு போட்டு எடுத்து வந்தார். நான் சாப்பிட்டேன். இதைத் திரும்புகிற ரயிலில் எழுதுகிறேன். உனக்குப் போய்ச் சேர்ந்த திட்டு ஒன்றைக்கூட என்னால் திரும்ப வாங்கிக்கொள்ள முடியவில்லை.