மூன்று நாள் மாத்திரை

மேற்பிரிவு லயம்,
லிந்துலை.
13.07.2025, ஞாயிறு

அன்புள்ள பேச்சியம்மாவுக்கு உன் யூஜினா எழுதுவது,

இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். நீ எழுந்து நடக்க வேண்டுமென்று நான் மாதாவிடமும், நம் லயத்து அழகம்மா மாரியம்மனிடமும் மாறிமாறிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். யார் முதலில் காது கொடுத்தாலும் எங்களுக்குச் சம்மதம்.

நிஷாந்தி மகளே, இதை அம்மாவுக்கு நீதான் வாசித்துக் காட்ட வேண்டும். ஓரிடத்தில் உனக்குக் கூச்சமாக இருக்கும். அம்மாவின் மானமாச்சே என்று அதைத் தாண்டிப் போய்விடாதே, ஒரு வரி விடாமல் வாசி. போன ஞாயிறு நீ போனை அம்மாவின் காதில் வைத்தபோது அவள் மூச்சு மட்டும்தான் கேட்டது. பிறகு அவள் அழுதாள், நானும் அழுதேன், ஐந்து நிமிஷம் அப்படியே போயிற்று. அழுவதற்குத்தான் போன் சரி. விஷயம் சொல்ல எனக்குக் காகிதம் வேண்டியிருக்கிறது.

பேச்சி, இங்கே பத்து நாளாக விடாத மழை. மலையில் அட்டைக்கடி சொல்லி மாளாது. உன் தேயிலை நிரையில் கங்காணி ஜெயந்தினியை விட்டிருக்கிறார், வட்டகொடையிலிருந்து கல்யாணம் கட்டி வந்திருக்கிற பிள்ளை. கொழுந்து பறிக்கிறாளா, குழந்தைக்குத் தலை கோதுகிறாளா என்று சந்தேகமாக இருக்கிறது, அவ்வளவு மெதுவு. ஆனால் நல்ல பிள்ளை. உன் வீட்டுக்குப் பின்னால் நீ போட்ட உருளைக்கிழங்குப் பாத்தியில் பாதியைக் காட்டுப்பன்றி கிண்டிவிட்டது. மீதியை நான் தோண்டியெடுத்து உன் வீட்டுக்குள் பரப்பி வைத்திருக்கிறேன். நான் திருடித் தின்றுவிட்டதாக நினைக்காதே, கொஞ்சம்தான் தின்றேன்.

இனி எழுத வந்ததை எழுதுகிறேன். நாலு வரி எழுதி இரண்டு தாள் கிழித்தாகிவிட்டது.

நீ மடுவத்தில் கொழுந்து நிறுக்க நின்ற இடத்திலேயே கூடையோடு சரிந்து ஐந்து வாரத்துக்கு மேலாகிறது. பாரிசவாதம், ஒரு பக்கமும் பேச்சும் போய்விட்டது என்றார்கள். மருமகன் விஜிதரன் வந்து உன்னைக் கொழும்புக்குக் கொண்டுபோனதும், அங்கே நல்ல டொக்டர் பார்க்கிறார், இனிப் பயமில்லை என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன். போன ஞாயிறுதான் நிஷாந்தி சொன்னாள். டொக்டர் உன் கிளினிக் கொப்பியைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறாராம். இரண்டு வருஷமாக ஒவ்வொரு மாதமும் பிரஷர் நல்லபடியாக இருக்கிறதே, பிறகு எப்படி மூளையில் நரம்பு வெடித்தது என்று கேட்கிறாராம். இந்த மாத்திரை உனக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, 17ஆம் திகதி வியாழக்கிழமை எல்லாவற்றையும் மாற்றப்போகிறேன், வேறு ஏதும் வியாதியா என்று பார்க்க இன்னும் சோதனைகள் செய்ய வேண்டும் என்றாராம். அம்மா ஒருநாள் தவறாமல் மாத்திரை போட்டாங்களா என்று கேட்டதற்கு, நீ ஆமென்று தலையை ஆட்டினாயாம்.

அதைக் கேட்டதும் என் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். அதிலும் அதே நல்ல பிரஷர்தான்.

நிஷாந்தி, இனித்தான் நீ கவனமாக வாசிக்க வேண்டும். உங்கள் அம்மாவும் நானும் ஒரே நாளில்தான் பிரஷர்காரிகளானோம். இரண்டு பேருக்கும் ஒரே மாத்திரை. காலையில் அதைப் போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஒண்ணுக்கு முட்டும். பிறகு அரை மணிக்கொரு தரம். வீட்டிலிருப்பவர்களுக்கு அது ஒரு பெரிய காரியமில்லை. மலையில் எங்கே போவது? கக்கூசு கிடையாது. கீழே லயத்து வீடுகளுக்கு இறங்கி ஏறினால் முக்கால் மணி நேரம் போய்விடும். மேலே கங்காணி நிற்பார், பக்கத்து மலையில் மருந்து அடிக்கிற ஆம்பளைகள் நிற்பார்கள். முதல் வாரம் அம்மா ஐந்து தடவை நிரையை விட்டுப் போனாள். கொழுந்து குறைந்து அரைப்பேர், பாதி நாள் சம்பளம்தான் விழுந்தது. "என்னா பேச்சியம்மா, மலைக்கு வந்தீங்களா, ஊர் சுத்த வந்தீங்களா" என்று கங்காணி எல்லோருக்கும் கேட்க ஒரு போடு போட்டார்.

அடுத்த நாள் அவள் அடக்கிக்கொண்டு நின்றாள். முடியவில்லை. இடுப்பில் கட்டியிருந்த சாக்கெல்லாம் நனைந்துவிட்டது. ஐம்பது வயதுப் பொம்பளை, தேயிலைச் செடிக்குள் குந்திக்கொண்டு எழும்பவே மாட்டேன் என்றாள். எல்லோரும் மடுவத்துக்கு இறங்கும்வரை நான் அவளை மறைத்துக்கொண்டு நின்றேன்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன். "மலைக்குப் போற நாள்ல அந்தச் சனியனைப் போடாத புள்ள. கிளினிக்குக்கு மூணு நாளைக்கு முன்னால இருந்து ஒழுங்காப் போட்டுக்குவோம், பிரஷர் எறங்கிடும், மிஸ்ஸி ஏச மாட்டாங்க" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். அவளுக்கு அந்தப் புத்தி கிடையாது. எட்டாம் வகுப்புவரை படித்தவள் நான். இந்த லயத்தில் எந்தக் குறுக்குவழிக்கும் என்னிடம்தானே வருவார்கள்.

யோசனை பலித்தது, அதுதான் கேடு. அந்த மாதம் கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி உங்கள் அம்மாவின் கையில் பட்டியைக் கட்டிப் பார்த்துவிட்டு, இவங்க ரெண்டு பேரையும் பார்த்துப் படிச்சிக்குங்க என்று வரிசையிலிருந்தவர்களுக்குச் சொன்னார். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இறங்கி வரும்போது கடையில் சீனி போட்ட பணிஸ் வாங்கித் தின்று, அதற்குமேல் மூன்று கரண்டிச் சீனியோடு தேத்தண்ணியும் குடித்து அதைக் கொண்டாடினோம். போதாததற்கு, மலையில் முட்டக்கூடாதென்று விடிந்ததிலிருந்து பத்து மணி வரை தண்ணீரே குடிப்பதில்லை. ரொட்டிக்கு உப்பும் மிளகாயும் இடித்த கட்டச்சம்பல், சோற்றுக்குக் கருவாடு, வாயில் எந்நேரமும் வெற்றிலை. உப்பைக் குறைக்கச் சொன்னபோது, உப்பில்லாமல் எப்படித் தின்பது என்று மிஸ்ஸியையே கேலி பண்ணியவர்கள் நாங்கள்.

பேச்சி, நமக்கு நோய் என்றால் என்னவென்று ஒரு கணக்கு இருந்தது. காய்ச்சல் வரும், வயிற்றோட்டம் வரும், டிஸ்பென்சரியில் கலர் தண்ணீர் கொடுப்பார்கள். ஒன்று அது போகும், இல்லையென்றால் ஆளைக் கொண்டுபோகும். உன் அண்ணன் சின்னராசா அப்படித்தான் நாலு நாளில் போனார். இந்த வியாதி வலிக்கவே இல்லையே. வலிக்காததற்கு யார் மாத்திரை போடுவார்கள்? பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்காக வீட்டுப்பாடம் செய்தது மாதிரி மிஸ்ஸிக்காக மாத்திரை போட்டோம். உள்ளே நம்முடைய நரம்புதான் வீங்கிக்கொண்டிருக்கிறது என்பது மண்டையில் ஏறவில்லை. இப்போது செவ்வாய்க்கிழமை கிளினிக் வரிசையைப் பார். பிரஷர், சீனி வருத்தம், கொலஸ்ட்ரோல் என்று பாதி லயம் அங்கேதான் நிற்கிறது, நாற்பது தாண்டாத பிள்ளைகள்கூட.

போன செவ்வாய் நான் அந்த வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் கொப்பியை மேசையில் வைத்து, இதில் எழுதியிருப்பது எல்லாம் பொய் என்று சொன்னேன். சத்தமாகவே வந்துவிட்டது.  மிஸ்ஸி வரிசையைத் திரும்பிப் பார்த்து, வேற யாரும் இப்படிச் செய்றீங்களா என்று கேட்டார்.  முதலில் அழகம்மா கையைத் தூக்கினாள். அவளுக்குப் பிறகு பூரணி. அப்புறம் ஒவ்வொருவராக, என்னோடு பதினொரு பேர். நாம் மட்டும்தான் கெட்டிக்காரிகள் என்று நினைத்தோமே, என் யோசனை லயம் லயமாகப் போயிருக்கிறது.

மிஸ்ஸி எங்களைக் கிளினிக் டொக்டரிடம் கூட்டிப்போனார். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். ஏன் என்னிடம் கேட்கவில்லை, இப்படி முட்டாத வேறு மாத்திரை இருக்கிறதே, எழுதித் தந்திருப்பேனே என்றார்.  கேட்டிருக்கலாம், பேச்சி. இரண்டு வருஷத்தில் ஒருநாளாவது, டொக்டர், இதைப் போட்டால் மலையில் நிற்க முடியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆம்பளை டொக்டரிடம் அதை எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டிருந்தோம். மறுநாள் நாங்கள் பதினொரு பேரும் போய் மலையில் கக்கூசு கட்டித் தரச் சொல்லித் தோட்டத்துத் துரையிடம் கேட்டோம். பார்க்கலாம் என்றார். துரைமார் பார்க்கலாம் என்பது தெரிந்ததுதானே. திரும்பவும் போவோம்.

நிஷாந்தி, இதை நாளைக்குக் கொழும்புக்குத் திரும்புகிற நம் லயத்துப் பையன் சுதாகரனிடம் கொடுத்தனுப்புகிறேன். வியாழனுக்கு முன் உன் கையில் கிடைத்துவிடும். டொக்டருக்குத் தமிழ் வராவிட்டால் சிங்களத்தில் நீயே சொல். மாத்திரை பிடிக்காமல் போகவில்லை, போடாமல் போனது. மாதத்தில் மூன்று நாளும் ஞாயிற்றுக்கிழமைகளும் மட்டும்தான் போட்டாள். கொப்பியைப் பார்த்து அவர் ஒரு முடிவும் எடுக்கக்கூடாது. சொல்லிக்கொடுத்தது யாரென்று கேட்டால் என் பெயரைச் சொல்.

பேச்சி, நீ ஏன் ஆமென்று தலையாட்டினாய் என்று எனக்குத் தெரியும். பாதி வெட்கம், பாதி நான். வாய் போன பிறகும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் கிடக்கிறாயே. நீ விழுந்தாய், நான் நிற்கிறேன். அதே மாத்திரை, அதே உப்பு, அதே பொய். ஏன் இப்படி என்று மாதாவிடம் தினமும் கேட்கிறேன். இனி என்னைக் காப்பாற்ற வேண்டாம். டொக்டர் கேட்பதற்கெல்லாம் உண்மையாகத் தலையாட்டு. இனி நிஷாந்தி கொடுக்கிற மாத்திரையை ஒருநாளும் தள்ளாதே. எத்தனை தடவை முட்டினாலும் முட்டட்டும், மகளிடம் கைகாட்டு. பெற்ற பிள்ளையிடம் என்ன வெட்கம்?

பயிற்சி கொடுத்தால் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும் என்று அங்கே சொன்னார்களாம். திரும்ப வேண்டும். கடவுள் உனக்குத் திருப்பிக் கொடுப்பார். அப்போது யாருக்கும் நல்ல வார்த்தை சொல்லிக்கொண்டிருக்காதே. உனக்கு முதலில் வருகிற வார்த்தை என்னை ஏசுகிற வார்த்தையாகவே இருக்கட்டும். போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன்.

உன்,
யூஜினா