ரெண்டு பேரும் பிரியாத கதை

பம்பாய்
7.10.1984

அன்புள்ள வேலுத்தாய் அக்காவுக்கு, தம்பி தங்கச்சாமி வணக்கத்துடன் எழுதுவது. நான் நல்ல சுகம். மச்சானுக்கு முழங்கால் வலி குறைந்ததா? பசுவந்தனையில் விதைப்பு முடிந்ததா?

என்னோடு அறையில் இருக்கும் மணியாச்சி காசிராஜனைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். போன மாதம் அவன் நடைபாதைக் கடையில் ஓர் இங்கிலீஷ் நாவல் வாங்கி வந்தான். இரண்டு ஆண்கள் ஒருவரையொருவர் காதலிக்கிற கதை. அப்படியும் புத்தகம் எழுதுவார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. எனக்கு இங்கிலீஷ் ஓடாது என்பதால், ஞாயிறுதோறும் நான் சமைக்க, அவன் நம் பேச்சிலேயே வாசித்துச் சொன்னான். அந்த வெள்ளைக்காரன், "ஏலே, என்னைய விட்டுட்டுப் போயிராதல" என்றபோது சிரித்துப் புரண்டேன். ஆனாலும் கடைசியில் ஒருவன் செத்துப்போவான் என்று உள்ளூரப் பயம்.

இன்று கதை முடிந்தது.

"பொறவு?" என்றேன்.

"பொறவென்ன? ரெண்டு பேரும் ஒரே வீட்டுல சந்தோசமா இருக்காவ. அவ்வளவுதான்."

சந்தோஷத்தில் அழுதுவிட்டேன் அக்கா. சோறு அடிப்பிடித்துவிட்டது. அதையும் சிரித்துக்கொண்டே தின்றோம்.

குளத்தூர்ப் பெண் வீட்டாரிடம் வேண்டாமென்று சொல்லிவிடு. அந்தப் பெண்மேல் ஒரு குறையும் இல்லை. நானும் காசிராஜனும் அந்தக் கதையில் வருகிறவர்களைப் போலத்தான். உன்னிடம் மறைக்க மனசு வரவில்லை.

கொஞ்சம் மோர்மிளகாய் அனுப்பு. பொங்கலுக்கு அவனையும் கூட்டி வரட்டுமா? இந்தக் கடிதத்தைத் தபால்பெட்டியில் போடச் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறான்.

"அக்கா கோவப்படுவாவளோ?" என்று கேட்கிறான்.

"எங்க அக்கா கோவப்பட்டாலும் சோறு போட்டுட்டுத்தாம்ல கோவப்படுவா" என்று சொல்லியிருக்கிறேன்.

உன் தம்பி,
தங்கச்சாமி