வைன் தோட்டத்தில் நாலு கிளாஸ்

செப்டெம்பர் 14, சனி. குட்மேய்ஸ், லண்டன்.

இவருடைய அறுபதாவது பிறந்தநாள் என்று மகள் எங்களைக் கென்டில் ஒரு வைன் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். அப்பா குடியை விட்டுப் பதினாறு வருடம் என்பது அவளுக்குத் தெரியாது. அவர் குடித்ததே தெரியாது. அப்போது அவளுக்கு ஐந்து வயது. அவர் குடித்துவிட்டுக் கிடந்தால், அப்பாவுக்கு நைட் ஷிப்ட், நித்திரை கொள்ளட்டும் என்று சொல்லியே வளர்த்தேன். போன கிழமை டிக்கெட்டை நீட்டியபோதும் வாய் திறக்கவில்லை. விசரி நான்.

வைன் வைக்கும் நிலவறையைக் காட்டிய பெண் அந்தத் தோட்ட வீட்டின் பழைய கதையைச் சொன்னாள். குடிகாரத் தம்பிக்குப் பயந்து முதலாளி சுவர் எழுப்பிப் போத்தல்களை ஒளித்தாராம். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார்.

பிறகு ருசி பார்க்க ஆளுக்கு நாலு கிளாஸ் வைன் வைத்தார்கள். ருசி பார்த்துவிட்டுத் துப்புவதற்கு வாளியும் இருந்தது. மகள் துப்பினாள். நானும் துப்பினேன். இவர் துப்பவில்லை.

"துப்பலாம் அப்பா, வெக்கப்படாதேங்கோ."

"பரவாயில்லை பிள்ளை."

நாலையும் குடித்து முடிக்கும்வரை என் பக்கம் திரும்பவேயில்லை.

வரும்போது காரில், "நல்ல இடம் பிள்ளை, இன்னொருக்கா வருவம்," என்றார். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பாவுக்குப் பிடித்துவிட்டதாம்.

எங்கேயாவது போவம் என்று, ஏன், ஊருக்குப் போவம் என்றுகூட இந்த மனிசன் ஒருநாளும் கேட்டதில்லை.