அழித்தால் பெயர்தான் போகும்

பிப்ரவரி 3, திங்கள்

அவர் போய் ஆறு வாரம். விடுப்பு முடியும்வரை வீட்டிலிருந்தே பாடங்களைப் பேசிப் பதிவு செய்து அனுப்பச் சொல்லியிருக்கிறார் துறைத்தலைவர். இயங்குதளம், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டம், பன்னிரண்டு பாடங்கள். பதினெட்டு வருடமாக நடத்துவதுதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

என் லேப்டாப் பழுது. அவருடைய பழசில் உட்கார்ந்தேன். பத்தே நிமிடத்தில் ‘டிஸ்க்கில் இடமில்லை’ என்று நின்றுவிட்டது. ‘வேலை’ என்ற பெயரில் பெரிய ஃபோல்டர் ஒன்று. கட்டட வரைபடம் போடுகிறவரின் பழைய வரைபடங்கள், இனி யாருக்கு? திறந்துகூடப் பார்க்கவில்லை. அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். மனதில் ஒன்றும் தோன்றவில்லை.

பிப்ரவரி 5

முதல் பாடம். கணினியின் மூளையான செயலி ஒன்று, அதைக் கேட்கும் நிரல்கள், அதாவது புரோகிராம்கள், நூறு. ஆளுக்குக் கண்ணிமைக்கும் நேரம் கொடுத்து, எல்லோரையும் ‘எனக்குத்தான் வேலை நடக்கிறது’ என்று நம்ப வைப்பது இயங்குதளம். கூட்டுக் குடும்பத்து மூத்த மருமகள் மாதிரி என்று வழக்கமான ஜோக்கையும் சொன்னேன். சிரிக்க ஆளில்லை. எதிரே சுவர்.

பிப்ரவரி 8

சாப்பிட்டேன்.

பிப்ரவரி 12

மூன்று பாடம் முடிந்தது. காத்திருக்கும் நிரலுக்கு நேரம் போவது தெரியாது. எழுப்பினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். கொடுத்து வைத்தது.

பிப்ரவரி 14

விடுதியிலிருந்து மகள் பேசினாள்.

“அம்மா, அப்பா எனக்காக நிறைய பேசி வீடியோ எடுத்து வச்சிருக்காரும்மா. முடியாம படுத்திருந்தப்போ. அவர் லேப்டாப்ல ‘வேலை’ன்னு ஒரு ஃபோல்டர். நீ பாத்தா அழுவேன்னுதான் அந்தப் பேரு. லீவுக்கு வந்து பாக்கறேன், சரியா?”

சரி என்றேன். வேறென்ன சொல்வது? குப்பைத் தொட்டிவரை காலி. போனது போனதுதான்.

பிப்ரவரி 15

அவளிடம் சொல்லவில்லை. அழுகையும் வரவில்லை. நான் என்ன ஜென்மம்?

பிப்ரவரி 17

நான்காம் பாடம், கோப்பு முறைமை. பதிவு ஓடிக்கொண்டிருந்தது. வாய் தன் பாட்டுக்குப் பேசியது: “ஒரு கோப்பை அழித்தால் பட்டியலில் அதன் பெயர்தான் போகும். உள்ளே இருந்தது இருந்த இடத்திலேயே இருக்கும், அதன்மேல் புதிதாக எதையாவது எழுதும்வரை...”

நின்றுவிட்டேன்.

எழுதிக்கொண்டுதானே இருக்கிறேன்! இப்போதும்! டிஸ்க்கில் வேறு இடமே கிடையாது — அவர் பேசியதன்மேல்தான் என் நாலு பாடமும் போய் உட்கார்ந்திருக்கிறது. முறைப்படி மூடினால் மூடும்போதும் எதையாவது எழுதும். ஒயரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றினேன். பதினெட்டு வருஷமா ஊருக்கெல்லாம் சொல்றேன், எனக்கு எங்கேடி போச்சு புத்தி?

பிப்ரவரி 18

பழுது பார்ப்பவர் கேட்டார்: “அழிச்சப்புறம் இதுல வேற ஏதாவது பண்ணீங்களா?”

“பாடம் நடத்தினேன்.”

என்னை ஒரு மாதிரி பார்த்தார். “பழைய டிஸ்க்குங்க, புதுசு மாதிரி உடனே துடைச்சிடாது, அதனால பாக்கலாம். ஆனா எழுதினது எழுதினதுதான்.”

பிப்ரவரி 26

முப்பத்தொரு வீடியோவில் ஒன்பது முழுசாக வந்திருக்கிறது. மற்றவை உடைசல். இன்னொரு டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தார். நான் பார்க்கவில்லை. முதலில் அவள் பார்க்க வேண்டும்.

மார்ச் 1, சனி

மகள் வந்தாள். பையைக் கீழே வைக்கும் முன்பே சொல்லிவிட்டேன்.

“பாக்காமயேவா அழிச்ச?”

“பாக்காமயே.”

அவள் தள்ளி உட்கார்ந்து முதல் வீடியோவைப் போட்டாள். தலையணையில் சாய்ந்து, இளைத்துப்போய், அவர்.

“பாப்பா, இதை முதல்ல ஒரு காப்பி எடுத்து வை. பேக்கப் எடு, பேக்கப் எடுன்னு உங்கம்மா ஊருக்குத்தான் உபதேசம் பண்ணுவா. அவ எடுத்து நான் பாத்ததே இல்ல. பாவம், அவளைத் திட்டாத.”

மகள் பக்கென்று சிரித்துவிட்டாள். சிரித்தபடியே என் பக்கம் நகர்ந்து வந்தாள்.

“போயிட்டாரேடி” என்றேன். இத்தனை நாளில் அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவள் மடியில் விழுந்து சத்தம் போட்டு அழுதேன்.