பீமின் மேல் பூந்தொட்டி வேண்டாம்

அன்பு மகள் ஸ்மராந்தாவுக்கு,

நானும் உன் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்பே மழையைச் சொல்லிவிடுகிறது. கடல் தாண்டிக் கால்கரியில் நீயும் உன்னிடம் பயிலும் குழந்தைகளும் எலும்பு முறியாமல் சுகமாக இருக்க வேண்டும். உலக ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியில் நீ நாலு விரல் அகலப் பீம் கட்டையின்மேல் குட்டிக்கரணம் போட்டுத் தங்கம் வாங்கி, உன் வித்தை 'புஸ்துகான்' என்று நம் குடும்பப் பெயரிலேயே விதிப்புத்தகத்தில் ஏறிய வருடம், ரொட்டிக் கடை வரிசையில் ஓர் அம்மாள் என்னைக் கேட்டாள், "வாத்தியாரே, ஒரு குட்டிக்கரணத்துக்குப் போய் எப்படி குடும்பப் பேர வைக்கிறாங்க?" வகுப்பில் ஒரு கஷ்டமான கணக்கை முதலில் போட்டவன் பேத்ரே என்றால் அப்புறம் அது பேத்ரே கணக்குதான், அதுபோலப் பெரிய போட்டியில் முதன்முதலாகச் செய்து காட்டியவளின் பெயர் அந்த வித்தைக்கு என்று விளக்கினேன். அவள் யோசித்துவிட்டு, "அப்ப விழுந்து எழுந்தது அவ, பேரு மட்டும் உங்களுதா?" என்றாள். நான் ரொட்டி வாங்காமலே வீடு திரும்பினேன்.

இப்போது அந்தப் பெயரால்தான் இங்கே தொல்லை. நீ பழகிய ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்தை மேயர் கோஸ்தாக்கே உன் பெயரில் அருங்காட்சியகம் ஆக்கப் போகிறார். மெத்தைகளை எடுத்துவிட்டுக் கண்ணாடிப் பெட்டிகள், அவற்றில் உன் உலகத் தங்கம், ஐரோப்பியப் பதக்கங்கள், ஒலிம்பிக்கில் குழுவோடு வாங்கிய வெண்கலம், கணுக்கால் உடைந்தபோது போட்ட மாவுக்கட்டுகூட. பீமை வாசலில் நிறுத்தி அதன்மேல் வரிசையாகப் பூந்தொட்டி வைப்பாராம். பதக்கம் கேட்டுப் பிளம் சாராயப் புட்டியோடு வீட்டுக்கு வந்தார். உன் அம்மா அவற்றை வெள்ளரி ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால்தான் வைத்திருக்கிறாள். "ஜாடி நகத்தணும், என் முழங்கால் சரியாகட்டும்" என்று சொல்லிவிட்டாள். இருபது வருடமாகச் சரியாகாத முழங்கால் அது. பிள்ளைகள் எங்கே பழகுவார்கள் என்று நான் கேட்டதற்கு, "பள்ளிக்கூட நடைத் தரையில கோடு போட்டுத் தர்றேன் வாத்தியாரே, அகலம் ஒண்ணுதான?" என்றார். ஏணியைத் தரையில் படுக்க வைத்து ஏறினால் கூரைக்குப் போக முடியுமா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே இன்னொரு முட்டைக்கோஸ் உருண்டையை எடுத்துக்கொண்டார்.

தபால்காரர் மகள் இலிங்காவை உனக்குத் தெரியாது. போன வாரம் அவள் உன் புஸ்துகானைச் செய்துவிட்டாள். பின்னால் பாய்ந்து, காற்றிலேயே அரைச்சுற்றுச் சுற்றி, ஒற்றைக் காலில் வந்து அசையாமல் நின்றாள். உன் பயிற்சியாளர் ஸெனோவியா கைதட்டவில்லை, "கால்விரல் எங்கடி பாக்குது?" என்று மட்டும் கேட்டாள், பிறகு வெளியே போய் வெகுநேரம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். நீ விட்டபின் அந்தக் கட்டையில் அதை வேறு யாரும் செய்ததில்லை. இலையுதிர் காலத்தில் தேசியப் போட்டி வருகிறது, பீம் வாசலுக்குப் போனால் அந்தப் பெண்ணின் வருடமும் அதோடு போகும்.

அருங்காட்சியகம் ஆகுமுன்பே ஞாயிற்றுக்கிழமை கூடத்துக்கு மந்திரிப்பு. பாதிரியார் துளசிக் கொத்தும் வாளியுமாக வந்தார். ஸெனோவியா குறுக்கே நின்று, "ஃபாதர், அந்தக் கட்டைக்கு மட்டும் தண்ணி ஆகாது" என்றாள். "இது தண்ணி இல்லம்மா, தீர்த்தம்" என்று சொல்லிவிட்டு அவர் தாராளமாகவே தெளித்தார். பிள்ளைகள் கைக்குப் பூசும் வெள்ளைப் பொடி பீம் முழுக்க அப்பியிருந்ததல்லவா, அது குழைந்து பசையாகிவிட்டது. மேயரோ புகைப்படத்துக்காகத் தோல் பூட்ஸோடு அதன்மேல் ஏறி, "இங்கதான் நம்ம ஸ்மராந்தா" என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை, மெத்தையில் உட்கார்ந்திருந்தார். நம் ஊரின் குணம் உனக்குத் தெரியும். நீ போட்டியிட்ட காலத்தில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து எல்லோரும் நடுவராகிவிட்டார்கள். போன மாதம் மாதாகோவில் படியில் தடுக்கிய மணப்பெண்ணுக்கே பின்வரிசையில் ஒரு புள்ளியில் பத்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். மேயர் விழுந்ததும் ரொட்டிக்காரர், "விழுந்ததுக்கு ஒரு முழு பாயிண்ட் கழிங்க" என்றார். "முட்டி மடங்கிருச்சு, பாயிண்ட்ல பத்துல மூணு பங்கு" என்றது ஒரு குரல். பாதிரியார் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "முடிச்சதும் நடுவரப் பாத்துக் கை தூக்கல, அதுக்கும் மூணு" என்றார். உன் ஒவ்வொரு போட்டியையும் நம் சமையலறையில் உட்கார்ந்து பார்த்தவராயிற்றே கோஸ்தாக்கே, உட்கார்ந்தபடியே இரு கைகளையும் உயர்த்தினார். கூடமே கைதட்டியது. இலிங்காவும் தோழிகளும் அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். இடுப்பைத் தேய்த்துக்கொண்டே என்னிடம், "டிவில இவ்ளோ உயரமாத் தெரியலையே வாத்தியாரே" என்றார்.

அதோடு மனம் மாறிவிட்டார் என்று நினைக்காதே. கண்ணாடிப் பெட்டிகளுக்குச் சொல்லியாகிவிட்டது, அடுத்த மாத நகர்மன்றக் கூட்டத்தில் முடிவு. "ஸ்மராந்தா வாயாலயே வேண்டாம்னு சொன்னா விட்டுடறேன், ஆனா அவ சொல்ல மாட்டா, மரியாதக்காரி" என்கிறார். என் கவலையும் அதுதான். புள்ளியைக் குறைத்த நடுவருக்கே நன்றி சொல்லிவிட்டு வந்த பிள்ளை நீ. ஊர் உனக்கு மரியாதை செய்யும்போது எப்படி மறுப்பது என்று அங்கே உட்கார்ந்து குழம்பிக்கொண்டிருப்பாய். பதக்கத்துக்குப் பள்ளிக்கூட நடை போதும், அங்கே சுவரில் மாட்டினால் போகிறவர் வருகிறவர் பார்க்கட்டும். பிள்ளைகளுக்குத்தான் அந்த நடை போதாது.

கம்பளி உள்ளாடை அனுப்பியிருக்கிறாள் அம்மா; போட்டுக்கொண்டதாகப் படம் அனுப்பினால்தான் நம்புவாளாம். கடவுள் உன் கணுக்காலையும் உன் மனத்தையும் திடமாக வைத்திருக்கட்டும்.

இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே மேயருக்குப் போன் போட்டு, பீம் நிற்கிற இடத்திலேயே நிற்கட்டும் என்று சொல், அவர் பதில் பேசத் தொடங்குமுன் வைத்துவிடு.

உன் அப்பா,
எமிலியான் புஸ்துகான்