கொத்தமல்லியில் கறுப்புப் புழு

மார்ச் 4

கொத்தமல்லியில் அசுவினி. தண்டு முழுக்கப் பச்சைப் பச்சையாகப் பேன். எறும்பு ஏறி இறங்கும்போதே சந்தேகப்பட்டேன்.

ஓட்டல் சமையல்காரர் பதினைந்தாம் தேதி மாடித் தோட்டத்துக்கு வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறார். சுத்தமாக இருந்தால் இனி வாராவாரம் அவருக்குக் கொத்தமல்லியும் புதினாவும் நான்தான். இத்தனை நாள் அக்கம்பக்கத்துக்குச் சும்மா அள்ளிக் கொடுத்தவளுக்கு முதல் வாடிக்கை.

என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆன கையோடு பூச்சி நிபுணர் ஆகிவிட்டார். போனில் நாலு வீடியோ பார்த்தால் போதுமே! போன மாதம் புதினா இலையில் ஓட்டை என்று பூண்டைக் காய்ச்சித் தெளித்தார். மாடியே நாறியது. தின்றது நத்தை. தொட்டிக்கு அடியில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

மார்ச் 5

சோப்புத் தண்ணீர் அடித்தேன். பாதி செத்தது.

மார்ச் 8

பேன் நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் புதுசாக ஒன்று. கறுப்பு, உடம்பெல்லாம் முள், முதுகில் ஆரஞ்சுப் பொட்டு. குட்டி முதலை மாதிரி பேன் கூட்டத்துக்குள்ளேயே திரிகிறது. உவ்வே.

பின்னாலிருந்து குரல். "அதை விட்டுடு. அது நல்ல பூச்சி."

நல்ல பூச்சியாம். நத்தைக்குப் பூண்டு காய்ச்சியவர் நற்சான்றிதழ் கொடுக்கிறார்! அவர் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை யோசித்திருப்பேன். ஒவ்வொன்றாகப் பொறுக்கி நசுக்கினேன். மனசுக்கு இதமாக இருந்தது.

மார்ச் 9

"வேணாம்னு சொன்னேனே," என்றார்.

"நீங்க சொன்னதாலதான்," என்றேன்.

டிவி பக்கம் போய்விட்டார். வேறெங்கே போவார்?

மார்ச் 13

எங்கிருந்து வந்தது இவ்வளவு பேனும்? சோப்பில் பத்து செத்தால் நூறு முளைக்கிறது. இலையெல்லாம் பிசுபிசு. சுருண்டு கிடக்கிறது. புதினாவிலும் ஏறியாச்சு.

மார்ச் 15

சமையல்காரர் வந்தார். தண்டைத் தடவிப் பார்த்தார். கட்டைவிரல் பச்சையாகிவிட்டது. "இருக்கட்டும்மா, வீட்டுக்கே வச்சுக்கோங்க," என்று கை கழுவத் தண்ணீர் கேட்டார்.

ஊத்தினேன். அசிங்கமா போச்சு. அழுகையா வருது.

மார்ச் 16

ஏதாவது மருந்து வாங்கலாம் என்று நாற்றுக்கடைக்குப் போனேன். கடைக்காரி கேட்டாள்: "கறுப்பா, முள்ளு முள்ளா புழு எதுவும் இல்லையாக்கா? பொறிவண்டோட குஞ்சு அது. பேனைத் தின்னே தீர்த்துடும். இருந்தா மருந்தே வேண்டாம்."

"இருந்துச்சு," என்றேன்.

வீட்டுக்கு வந்து அவரிடம் கேட்டேன், எப்படித் தெரியும் என்று. வீடியோவில் பார்த்தாராம். நூறு கல் எறிந்தால் ஒன்று மாங்காயில் படாதா, அப்படித்தான்.

மார்ச் 17

சொல்லிக்காட்டுவார் என்று நேற்றெல்லாம் காத்திருந்தேன். இன்றும்தான். வாயே திறக்கவில்லை. சொல்லித் தொலைக்கக் கூடாதா? பதிலுக்கு நாலு கேட்டாலாவது எனக்கு ஆறும். இது என்ன பெரிய மனுஷத்தனம்? யார் கேட்டா?

மார்ச் 18

இன்றும் இல்லை.

மார்ச் 22

காலையில் மாடிக்குப் போனால் அவர் அங்கே நிற்கிறார். செருப்பெல்லாம் சேறு, கையெல்லாம் முள் கீறல், விரலிடுக்கில் ஒரு தீப்பெட்டி. பின்தெரு வேலிச் செடியில் தேடிப் பிடித்தாராம். திறந்து காட்டினார். உள்ளே இரண்டு கறுப்புப் புழு.

"நீயே விடு," என்று நீட்டினார். "நான் விட்டா நசுக்கிடுவ."

வாங்கிக்கொண்டேன். பேன் மொய்த்த தண்டில் ஒவ்வொன்றாக விட்டேன்.

"ரெண்டு எந்த மூலைக்கு? நாளைக்கு இன்னும் பிடிச்சிட்டு வாங்க," என்றேன்.