எரியாத மருந்து

என் ஆசை மாதக்கா,

நீ போன பிறகு உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. நீ இருந்தபோது சேலம் ஜில்லாவாக இருந்த நம் ஊர் இப்போது தருமபுரி மாவட்டம். அப்பாவுக்குக் காது சுத்தமாகக் கேட்பதில்லை. எனக்கு ஒரே மகள், செல்வி, எட்டு வயது. உனக்கு இருந்தது அவளுக்கும் இருக்கிறது அக்கா.

உனக்கு இடது பக்கம், அவளுக்கு வலது. நெற்றியோரத்திலிருந்து கன்னம் வரை அதே கருநீல மச்சம், விழி வெள்ளையிலும் அதே சாம்பல் நிறம். பிள்ளையைக் கையில் வாங்கியதுமே என் மாமியார், "செத்தவ திரும்பி வந்துட்டா" என்றார். எனக்கு அப்போது வந்தது பாசமில்லை, பயம்.

உன் முகத்தைப் பற்றி ஊர் என்னவெல்லாம் பேசியது என்று உனக்கே தெரியும். கிரகணத்தன்று அம்மா வெளியே வந்ததால் வந்த கறை என்றார்கள். பெண் பார்க்க ஆட்கள் வந்தால், உன் இடது கன்னம் சுவர்ப் பக்கம் இருக்கும்படி அப்பா பாயைப் போடுவார். வந்தவர்கள் எல்லாரும் காப்பியை மட்டும் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனார்கள்.

பள்ளிக்கூடம் போனவள் என்று என்னைத்தான் உன்னோடு சேலத்துக்கு அனுப்பினார்கள். மச்சத்தை எடுக்க முடியுமா என்று கேட்கத்தான் போனோம். கண் டாக்டர் உன்னைப் படுக்க வைத்து, விழிமேல் சின்னக் கருவி ஒன்றை வைத்துப் பார்த்தார். "தோல்ல இருக்கறத விட்டுடுங்க. சுடறது, சுரண்டறது எதுவும் வேணாம். இதே நிறம் கண்ணுக்குள்ளயும் படிஞ்சிருக்கு. அழுத்தம் ஏறிடுச்சு. இந்தச் சொட்டு மருந்த ஒரு நாள் கூட விடாதீங்க, விட்டா கண்ணு போயிடும்" என்றார்.

அம்மாவுக்குக் கண்ணைத் தொடப் பயம். அதனால் மருந்து என் கைக்கு வந்தது. விட்டவுடன் உனக்கு எரியும், பல்லைக் கடித்துக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாய்.

அந்த மருந்துக்கு ஒரு குணம் உண்டு, கருவிழி நடுவில் இருக்கிற பாவையைச் சுருக்கிவிடும். அரூர்ப் பக்கத்திலிருந்து உன்னைப் பார்க்க வந்த ஒரு பெண்மணி சுவர்ப் பக்கமாகவே எட்டிப் பார்த்துவிட்டாள். "மச்சம்கூடப் பரவால்லீங்க. ஒரு கண்ணுல பாவை கடுகாட்டம் இருக்குது. கண்ணு ரெண்டும் ஒத்துப்போகாத பொண்ணு எங்களுக்கு வேணாமுங்க" என்று எழுந்துவிட்டாள். அவர்கள் போனதும் அம்மா என்னிடம், "அடுத்த தபா யாராச்சும் வரப்ப நாலு நாளைக்கு மருந்த நிறுத்திப்போடு" என்றாள். நீ கேட்கவில்லை. "டாக்டரு சொன்னாரில்ல, ஒரு நாளும் வுடக்கூடாதுன்னு" என்று கண்ணைத் திறந்தபடியே வந்து படுத்தாய்.

நான் மருந்தைக் கொட்டிவிட்டு அந்தப் புட்டியில் ஆறவைத்த வெந்நீரை ஊற்றினேன்.

நாலு நாளைக்குத்தான் என்று நினைத்தேன். ஆனால் ஒருவர் போனால் இன்னொருவர் வருவதாகத் தகவல் வந்தது. கடைசியில் நான் புது மருந்து வாங்குவதையே விட்டுவிட்டேன். அம்மா சொன்னாள் என்று பழியை அவள்மேல் போடலாம். ஆனால் உண்மை அதுவல்ல. நீ வீட்டில் இருக்கும்வரை எனக்குக் கல்யாணம் இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். நீ எப்படியாவது போய்த் தொலைந்தால் போதும் என்று நான் நினைத்தேன் அக்கா.

ஒருநாள் நீ, "இன்னிக்கு எரியலையேடி" என்றாய். "பழகிப்போச்சுக்கா" என்றேன். நீ வேறெதுவும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

அப்புறம் பாவை பெரிதானது, இரண்டு கண்ணும் ஒரே மாதிரி தெரிந்தன. அப்போது வந்தவர்தான் என் வீட்டுக்காரர். உன்னைப் பார்த்துவிட்டு, "சின்னப் பொண்ணுன்னா பேசலாமுங்க" என்றார். அப்பா ஒரு பேச்சுக்குக்கூட மறுக்கவில்லை. என் கல்யாணத்தில் நீ சமையற்கட்டை விட்டு வெளியே வரவில்லை. உனக்கு இடது கண்ணில் வெளிச்சம்கூடத் தெரியாது என்பது அன்றைக்கு நம் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

பாப்பாரப்பட்டி சந்தையிலிருந்து திரும்பும்போது உன் உயிரை எடுத்த லாரி இடது பக்கமாகத்தான் வந்தது. "இவ்ளோ பெரிய வண்டி, கண்ணுக்குத் தெரியலையா" என்று ஊரே ஆச்சரியப்பட்டது. நானும் சேர்ந்து ஆச்சரியப்பட்டேன். அந்தக் கண் போயிருந்தது என்று பின்னால் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், ஏன் போனது என்று மட்டும் சொல்லவில்லை.

போன வாரம் செல்விக்கும் கண்ணில் அழுத்தம் ஏறியிருப்பதாகச் சேலத்தில் சொன்னார்கள். இந்த டாக்டர் வேறு ஆள். "வீட்ல வேற யாருக்காவது இருந்துச்சா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர், "இவ அக்காவுக்கு இருந்துச்சுங்க. கண்ணும் போயிடுச்சுங்க" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார்.

"மருந்து போட்டாங்களா?"

"தவறாம போட்டமுங்க. நாந்தான் போட்டேன்" என்றேன்.

அவர் அதைச் சீட்டில் எழுதினார். "அந்த மருந்து உங்க குடும்பத்துக்குக் கேக்காதுபோல. இந்தக் குழந்தைக்கு அத நம்பி நாளக் கடத்த வேணாம், ஆபரேஷன் பண்ணிடலாம்" என்றார். வருகிற திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். நான் சரியென்று தலையாட்டிவிட்டு வந்தேன். உண்மையைச் சொல்லிவிட்டால் என் வீட்டுக்காரர் என்னை எப்படிப் பார்ப்பார் என்பதுதான் அப்போதும் என் யோசனை.

பஸ்ஸில் செல்வி என் மடியில் படுத்துக்கொண்டு, "பெரியம்மாவுக்கு மருந்து போட்டா எரியுமாம்மா?" என்று கேட்டாள். எவ்வளவு எரியும் என்று சொல்ல நீதான் இருந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை அவளைக் கட்டிலில் படுக்க வைப்பதற்கு முன்னால், என் வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கும்போதே சொல்லிவிடுகிறேன் அக்கா. எங்க அக்காவுக்கு மருந்து போடலீங்க, நான் வெறும் தண்ணியத்தான் வுட்டேன் என்று. அதற்குப் பிறகு அவர் என்னை வீட்டில் வைத்துக்கொள்வாரா, தெரியாது. செல்விக்கு மருந்துதான் என்று ஆனால், ஒரு நாள் விடாமல் நானே போடுவேன். அவள் எரிகிறது என்று அழுதால்தான் எனக்கு நம்பிக்கை வரும்.

உன் கண்ணை அவித்த தங்கச்சி,
கோவிந்தம்மா